லோரெட்டாவுக்குத் தையல் பிடிக்காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வாழும் ஒரு கறுப்பினப் பாட்டியை வைத்து சிறுகதை எழுதி இணைத்திருக்கிறேன். படங்களில் வயதான கறுப்பினப் பெண் என்றால் ஒன்று சமையல்காரி, இல்லாவிட்டால் எல்லாம் அறிந்த ஞானக்கிழவி. இரண்டும் வேண்டாம் என்று நினைத்தேன். அங்குள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் ஒட்டுத்துணிப் போர்வைகளை இணையத்தில் பார்த்துவிட்டு, என் பாட்டி பாடிக்கொண்டே க்வில்ட் தைப்பதாக எழுதியிருக்கிறேன். கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்களும் இப்படித் தைக்கிறார்களாம். ரத்தத்தில் ஊறிய கலைதானே? வெளியாளான நான் இவர்களைப் பற்றி எழுதலாமா? எந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

படப் பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. வெளியாள் எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம். தெரிந்துகொண்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நானும் அந்தப் போர்வைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

சமையல்காரி பற்றி நீங்கள் சொன்னது சரி. அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் என்ற பெண்ணை 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஆன்ட் ஜெமைமா என்ற வேடத்தில் பான்கேக் மாவு விற்க நிறுத்தினார்கள். அந்தப் பெயர் கடைகளை விட்டுப் போக 2021 வரை ஆனது. அதிலிருந்து தப்பிக்க நினைத்தது நல்ல மனசு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் பாட்டி, வறுமையிலும் சிரித்தபடி தன்னை அறியாமல் அற்புதம் படைக்கிற கிழவி. அதுவும் அதே வரிசையில் வருகிற ஒரு பொம்மைதான்.

அந்தப் போர்வைகளைத் தைத்தபோது அவர்களுக்கு என்ன வயது என்று பார்த்தீர்களா? ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் ஏறியது 2002இல். நாடே திரும்பிப் பார்த்தபோது அங்கே அறுபதும் எழுபதும் கடந்த பெண்கள் நின்றார்கள். உடனே 'பாட்டிமார் கலை' ஆகிவிட்டது. அவர்களில் ஒருவரான லோரெட்டா பெட்வே பிறந்தது 1942இல். டெனிமையும் பருத்தியையும் நீளப் பட்டைகளாக இணைத்த அவருடைய பெயர்பெற்ற போர்வை 1965 வாக்கிலானது. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்! ஆனி மே யங் 1928இல் பிறந்தவர். வேலை உடுப்புகளை வைத்து 1976 வாக்கில் அவர் தைத்ததுதான் இன்று எல்லோருக்கும் தெரிந்த போர்வை. இவர்கள் வயற்காட்டு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தைத்த இளம்பெண்கள், நடுவயதுக்காரிகள். கேமரா வந்து சேரத் தாமதமானதால் பிறவியிலேயே கிழவிகள்போல ஆகிவிட்டார்கள். உங்கள் கதையிலும் பாட்டிக்கு இளமையே இல்லை. ஒரே ஒரு பத்தியில்கூட இல்லை.

அடுத்தது, லோரெட்டாவுக்குத் தையல் பிடிக்காது. அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வீடு குளிர்ந்தது, போர்த்திக்கொள்ள வேறு வழியில்லை, தைத்தார். கூடமாட உதவிக்கும் ஆளில்லை. பிடிக்காத வேலையை இவ்வளவு நேர்த்தியாகச் செய்த பெண் என்பதை உங்களால் ஏன் கற்பனை செய்ய முடியவில்லை? பாட்டு பொய்யில்லை, பல பெண்கள் மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து மேல்துணியையும் பஞ்சையும் அடித்துணியையும் சேர்த்துத் தைக்கும்போது தேவாலயப் பாடல்கள் உண்டு. ஆனால் துண்டுகளைத் தேர்ந்து மேல்துணியை இணைப்பது பெரும்பாலும் ஒருத்தி தனியாக எடுக்கிற முடிவு. நீங்கள் இரண்டு வேலைகளையும் ஒன்றாக்கிப் பாட்டையும் சேர்த்துவிட்டீர்கள்.

இப்போது தையலுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உங்கள்மேல் கோபம். பனியன் ஊரில் இருந்துகொண்டு, பேரனின் டீ-ஷர்ட் துண்டையும் ஜீன்ஸ் துண்டையும் பாட்டி பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பின்னல் துணி இழுபடும், டெனிம் இழுபடாது. தைக்கத் தைக்கப் பின்னல் துணி நீண்டு, மேல்துணி அலை அலையாக எழும்பி நிற்கும், தட்டையாகப் படுக்காது. உங்கள் தெருவில் எந்த டெய்லரிடம் கேட்டாலும் சொல்வார்.

வேலைக்கால்சட்டையை எப்படிப் பிரிப்பது? தையலோரமாகப் பிரித்தால் ஒரு காலுக்கு முன்துண்டு, பின்துண்டு என்று இரண்டு கிடைக்கும். முன்துண்டில் முழங்கால் வெளுத்து நைந்திருக்கும். பின்துண்டு கெட்டி. பாக்கெட்டைப் பிரித்த இடத்தில் வெயில் படாத கருநீலம் அப்படியே சதுரமாக நிற்கும். கடையில் நிறம் வாங்கக் காசில்லாதவளுக்கு வெளிர்நீலம், நடுநீலம், கருநீலம் மூன்றும் ஒரே கால்சட்டையில் கிடைத்தன. டெனிம் நூல் பிரியும், ஆகவே தையலுக்கு அரை அங்குலம் விட வேண்டும். மெல்லிய பருத்திக்குக் கால் அங்குலம் போதும்.

அவர்கள் 'கூரை' என்று சொல்கிற அமைப்பில் நடுவே ஒரு துண்டு, அதைச் சுற்றி நான்கு பக்கமும் பட்டைகள், அதற்கு மேல் மறுபடியும் பட்டைகள். ஒவ்வொரு பட்டையையும் தைத்து, முனையை நேராக வெட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு சுற்றில் கால் அங்குலம் கோணினால் நாலாவது சுற்றில் கட்டமே சாய்ந்துவிடும். பிரிக்க நேரமில்லை என்றால் அடுத்த பட்டையை ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுக்கமாகவும் வெட்டி நிமிர்த்தலாம். கண்ணும் கையும் கணக்குப் போடுகிற இடம் இது. தன்னை அறியாமல் நடக்கிற காரியம் இல்லை.

பிறகு பஞ்சு. பருத்தி அரவை ஆலையில் தரையில் சிந்தியதைக் கூட்டி எடுத்து வந்து, கோலால் அடித்துத் தூசியும் சருகும் போக்கி விரிப்பார்கள். கீழே உரச்சாக்கு அல்லது மாவுச்சாக்குத் துணி, நடுவே பஞ்சு, மேலே ஒட்டுத்துணி. நீங்கள் சாண் இடைவெளியில் தையல் ஓட்டியிருக்கிறீர்கள். கையால் விரித்த பஞ்சு அப்படியானால் முதல் சலவையிலேயே கட்டி கட்டியாகி ஒரு மூலையில் போய்ச் சேரும். மிச்ச இடத்தில் இரண்டு துணி மட்டுந்தான், குளிர் உள்ளே வரும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டினால்தான் பஞ்சு நகராது. முழங்கையை ஊன்றிக் கையைச் சுழற்றினால் வருகிற வில் வடிவ வரிகளை இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்றாக ஓட்டுவது.

முதுமையை எழுத வேண்டுமென்றால் இங்கே எழுதுங்கள். டெனிமும் பஞ்சும் சேர்ந்த கனத்தில் ஊசியைத் தள்ளும்போது முதலில் நோவது கட்டைவிரலின் அடிமூட்டு. தையல் நீளமாகிக்கொண்டே போகும். ஊசிக்காது தெரியாமல் போகும், காலையிலேயே யாரையாவது பிடித்துப் பத்து ஊசி கோத்து வைத்துக்கொள்ள வேண்டும். கூடித் தைப்பதை விட்டுவிட்டு மேல்துணி இணைப்பதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. இதெல்லாம் உங்கள் பாட்டியின் உடம்பில் ஏன் இல்லை?

ரத்தத்தில் ஊறியது என்ற பேச்சை விட்டுவிடுங்கள், கெடுதலான பேச்சு அது. எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துச் சித்திப் பெண்களின் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வை வேறு வழியில் உருவாகிறது. ஒரு பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைக்க வைக்க அடித்துணியோடு சேர்த்தே ஓட்டுத் தையல் போட்டு, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மேல்துணி என்று தனியாக ஒன்று கிடையாது. முடித்து நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். இரண்டும் அவரவர் தாய்மாரிடமும் அண்டைவீட்டாரிடமும் கற்ற வேலை.

இன்னொன்று. 1962இல் ஜீஸ் பெண்ட்டிலிருந்து ஆற்றைக் கடக்கும் படகை நிறுத்திவிட்டார்கள். ஊர் மக்கள் எதிர்க்கரையிலுள்ள கேம்டனுக்குப் போய் வாக்காளராகப் பதிவு செய்துவிடக்கூடாதென்றுதான். படகு திரும்ப வந்தது 2006இல், அதே ஆண்டு அவர்களுடைய போர்வைகள் தபால்தலையிலும் வந்தன. அடுத்த ஆண்டு ஆனி மே யங்கும் லோரெட்டாவும் இன்னொரு பெண்ணும், போர்வைகளை வைத்துப் பிறர் பார்த்த பணத்தில் தங்களுக்கு உரியது வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2008இல் அது சமரசத்தில் முடிந்தது. எண்பதை நெருங்கும் வயதில் நீதிமன்றம் போன ஒரு பெண் இருக்கும்போது, உங்கள் பாட்டி ஏன் எதையும் கேட்பதில்லை?

கதையைத் திருத்தி அனுப்புங்கள். பாட்டுப் பத்தியை எடுத்துவிடுங்கள், டீ-ஷர்ட்டையும். அவளுக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு குளிர்காலம் கொடுங்கள். பஞ்சு யாரிடமிருந்து வந்தது, போர்வையை யார் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்று எழுதுங்கள். தையல் இடைவெளி இரண்டு அங்குலம்.