தேர்வு முடிந்த பிறகு எந்த சொனாட்டா?

வணக்கம் ஐயா,

ஐந்தாம் கிரேடு பியானோ தேர்வை முடித்துவிட்டேன். இனி எனக்காக வாசிக்க வேண்டும். ஹைடன், மோட்சார்ட், பேத்தோவன் காலத்து சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) ஒன்றை முழுதாகக் கற்க ஆசை. மோட்சார்ட்டின் கே. 545 சொனாட்டா (‘கே.’ என்பது அவர் படைப்புகளின் பட்டியல் எண்) எளிது என்கிறார்கள். நண்பரோ பேத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவையே எடு என்கிறார். எது சரி?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே இப்போது வேண்டாம்.

கே. 545 தொடக்கநிலையினருக்கானது என்று 1788-இல் தம் படைப்புப் பட்டியலில் எழுதிவைத்தவர் மோட்சார்ட்டேதான். நோட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இடக்கையில் உடைத்து வாசிக்கும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), வலக்கையில் ஸ்கேல் (வரிசையாக ஏறி இறங்கும் சுரங்கள்). ஆனால் சுரங்கள் அவ்வளவு குறைவாக இருப்பதால் ஒளிந்துகொள்ள இடமில்லை. கட்டைவிரல் மாறும் இடத்தில் ஒரு சுரம் சற்றே அழுந்திவிட்டாலும் பக்கத்து அறைக்குக் கேட்கும். பெடலால் மூடினால் இன்னும் மோசம்.

‘மூன்லைட்’டின் முதல் பகுதியை எப்படியோ வாசித்துவிடுவீர்கள். மூன்றாம் பகுதியின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள், நண்பரிடம் பேசிக்கொள்ளலாம்.

நான் சொல்வது பேத்தோவனின் ஜி மேஜர் சொனாட்டா, ஓபஸ் (படைப்பு எண்) 49 எண் 2. எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். 1790-களின் நடுவில் எழுதியது 1805-இல்தான் அச்சேறியது, எண் அதனால் பெரிதாகிவிட்டது. இரண்டே பகுதிகள். முதல் பகுதியில் மூன்று மூன்றாக ஓடும் சுரங்கள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஸ்கேலும் கார்டும் தேர்வுக்குப் படித்தவைதான், இங்கே அவற்றுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. நடுவே டி மைனருக்குத் திரும்பும் இடம் சிறியது, அங்கிருந்தே பயிற்சியைத் தொடங்குங்கள். எந்தப் படைப்பையும் அதன் முதல் பக்கத்தை வைத்து எடைபோடாதீர்கள். இரண்டாம் பகுதியின் மினுவெட் (நடன வகை) மெட்டு பேத்தோவனுக்கே பிடித்திருக்க வேண்டும், ஏழு கருவிகளுக்கான ஓபஸ் 20 செப்டெட்டிலும் அதைப் பயன்படுத்தினார்.

இதை நான் தேர்ந்தெடுக்கும் உண்மையான காரணம் வேறு. முதல் பதிப்பில் எங்கே மென்மையாக, எங்கே உரக்க என்ற குறிகள் அநேகமாக இல்லவே இல்லை. இதுவரை அச்சில் உள்ளபடி வாசித்து மதிப்பெண் வாங்கினீர்கள். ஒரே வரி இரண்டாம் முறை வரும்போது அதைத் தணித்து வாசிப்பதா, எழுப்பி வாசிப்பதா என்பதை இனி நீங்களே முடிவுசெய்ய வேண்டும். எனக்காக வாசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு இதைவிடப் பொருத்தமான படைப்பு எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து ஹைடன். 1784-இல் வெளிவந்த ஜி மேஜர் சொனாட்டா, ஹைடன் படைப்புகளின் ஹோபோக்கன் பட்டியலில் 16:40. இதுவும் இரண்டு பகுதிதான், விரல்களுக்குச் சற்றுக் கடினம். முதல் பகுதியில் மேஜரும் மைனரும் மாறி மாறி வரும். இரண்டாம் பகுதியின் வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹைடனின் மௌனங்களை மட்டும் முழு அளவுக்குக் காத்திருந்து வாசியுங்கள், அவசரப்பட்டால் நகைச்சுவை செத்துவிடும்.

பதிப்பு வாங்கும்போது ‘உர்டெக்ஸ்ட்’ (பதிப்பாசிரியர் சேர்க்காத மூலப் பாடம்) என்று கேட்டு வாங்குங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்புகள் பலவற்றில் பதிப்பாசிரியர்கள் தங்கள் விருப்பப்படி குறிகளை நிரப்பி வைத்திருக்கிறார்கள். அதை வாசித்தால் மறுபடியும் இன்னொருவரின் தேர்வைத்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.