சுங்குடியை இணையத்தில் விற்க இப்போதே ஜிஎஸ்டி வேண்டுமா?

கேள்வி: மதுரையில் எம்.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வில்லாபுரத்தில் என் அத்தை சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டு, சாயம் தோய்த்து விற்கிறார். அந்தச் சேலைகளை விற்க ஒரு இணையதளம் செய்து, அதையே கடைசி செமஸ்டர் புராஜெக்டாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு மாணவர்களுக்குப் புராஜெக்ட் செய்துகொடுக்கும் சென்டர் ஒன்றில் விசாரித்தேன். "ஜிஎஸ்டி இல்லாமல் ஆன்லைனில் ஒரு சேலைகூட விற்க முடியாது. ஜிஎஸ்டி, உத்யம் (சிறுதொழில் பதிவு), டொமைன் (இணைய முகவரி), கோடிங் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்" என்கிறார்கள். மாதம் பதினைந்து சேலை போனாலே பெரிய விஷயம். இப்போதே ஜிஎஸ்டி எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சொந்த இணையதளத்தில், அத்தையின் சரக்கை, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும்வரை பதிவு தேவையில்லை. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அத்தை வீட்டு வாசலில் வைத்து விற்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் நீங்கள் சொல்லும் அளவு அதன் பக்கத்தில்கூட வராது.

"ஆன்லைன் என்றாலே ஜிஎஸ்டி" என்ற பேச்சு, அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்கள் வழியாக விற்பவர்களுக்கு இருந்த பழைய விதியிலிருந்து வந்தது. அந்த விதியே 2023 அக்டோபர் 1 முதல் தளர்ந்துவிட்டது. வரம்புக்குக் கீழே இருப்பவர், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பதாக இருந்தால், பான் எண்ணைக் கொடுத்து ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் (பதிவு அல்ல) வாங்கிக்கொண்டு அந்தத் தளங்களிலும் விற்கலாம். சட்டம் மாறிய பிறகும் பதிவு எடுத்துத் தரும் ஏஜெண்டுகள் பழைய விதியையே சொல்கிறார்கள், அதில்தான் அவர்களுக்குக் காசு. மாறியதை மக்களுக்குப் புரிகிற தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியது அரசின் வேலை. அறிவிக்கை எண்களாகப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள்.

பதிவு எடுத்துவைத்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். அரசுக்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது, உண்மை. ஆனால் எடுத்த நாளிலிருந்து, ஒரு சேலைகூட விற்காத காலத்துக்கும் ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற கணக்குப் படிவங்கள் இரண்டையும் தாக்கல் செய்ய வேண்டும். விற்பனையே இல்லாத கணக்கைத் தாமதமாகப் போட்டாலும் ஒரு நாளுக்கு 20 ரூபாய், படிவம் ஒன்றுக்கு 500 ரூபாய் வரை ஏறும். நீங்கள் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விடுவீர்கள். நோட்டீஸ் அத்தை பெயரில் வரும். வருகிற இடமும் அத்தைக்குத் தெரியாது, ஏனென்றால் பதிவில் ஏஜெண்டின் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க, மீதியை நாங்க பாத்துக்குறோம்" என்று கேட்பவரிடம் ஆதார், பான், கரண்ட் பில் நகல் மூன்றையும் கொடுத்துவிட்டால், அந்தப் பெயரில் அவர் எதையும் திறக்க முடியும். கூலி வேலைக்குப் போகிறவர் பெயரில் போலி நிறுவனம் தொடங்கி, கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அத்தையின் ஆதாரை எந்தச் சென்டரிலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. அவர் பெயரில் பதிவு ஏதாவது கிளம்பியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். உத்யம் பதிவும் இலவசம்தான். அரசுத் தளத்தில் ஆதாரை வைத்து நீங்களே முடித்துவிடலாம். தேடினால் மேலே வந்து நிற்கும் பல தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும், பணம் கேட்கும். முகவரி '.gov.in' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள்.

டொமைனும் அப்படித்தான். சென்டர்காரர் தன் கணக்கில் வாங்கினால் அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது அவர் சொன்னதுதான் விலை. உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் வாங்குங்கள்.

சரி, தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று சொன்னேனே, அதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு ஒரே ஒரு சேலை அனுப்பினாலும் 40 லட்சம் என்ற பேச்சு போய்விடும், பதிவு கட்டாயமாகும் (ஒரு விலக்கு உண்டு, கீழே சொல்கிறேன்). உங்களைப் போன்றவர்கள் சறுக்குவது பின்கோடில். பின்கோடு 60 முதல் 64 வரை தொடங்கினால் தமிழ்நாடு என்று நிரலில் ஒரு வரி எழுதிவிடுவீர்கள். புதுச்சேரி 605001, காரைக்கால் 609602. இரண்டும் அதே வரிசைக்குள் வரும், இரண்டும் தமிழ்நாடு இல்லை. 605 என்பதையே மொத்தமாக அடைத்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. விழுப்புரம் 605602, அது நம்முடையது. அதனால் மாநிலத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வையுங்கள், அதையும் முழுப் பின்கோட்டையும் அஞ்சல் துறையின் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் ஆர்டரை ஏற்கக் கூடாது. வைவாவில் (நேர்முகத் தேர்வில்) இதை விளக்கினாலே உங்கள் புராஜெக்ட் தனித்து நிற்கும்.

கையால் செய்த கைவினைப் பொருளை வெளி மாநிலத்துக்கு அனுப்பப் பதிவிலிருந்து ஒரு விலக்கு இருக்கிறது, 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை. ஆனால் அப்படி அனுப்பும் சேலை என்ன விலையாக இருந்தாலும் இ-வே பில் (சரக்கை அனுப்பும்முன் அரசுத் தளத்தில் எடுக்கும் மின்சீட்டு) போட வேண்டும். தொள்ளாயிரம் ரூபாய்ச் சேலைக்கு இ-வே பில்! வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போடும் ஒரு பெண்ணால் இது ஆகுமா என்று விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. புராஜெக்ட் முடியும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், அந்த 18,000 ரூபாயில் சேர்ந்து வரும் கோடிங். விலைக்குக் கிடைக்கும் ஷாப்பிங் கார்ட் நிரல்கள் பலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். டேட்டாபேஸில் கார்டு எண், சிவிவி (கார்டின் ரகசிய எண்), காலாவதி தேதி என்று ஒரு டேபிளே இருக்கும், பாஸ்வேர்டும் அப்படியே படிக்கும்படி கிடக்கும். வணிகர்கள் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொள்வதை ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. இன்னும் அந்த டேபிளோடு புராஜெக்டுகள் கல்லூரிக்குள் போகின்றன, கையெழுத்தாகி வெளியே வருகின்றன. ஒரே நிரலை எத்தனை மாணவர்கள் பெயர் மாற்றிக் கொடுக்கிறார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியாதா? பைண்டிங்கையும் பக்க எண்ணிக்கையையும் பார்ப்பவர்கள் அந்த டேபிளைப் பார்த்தால் என்ன?

நீங்களே எழுதுங்கள். பணம் வாங்கும் பகுதியைப் பேமென்ட் கேட்வேயின் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின்) பக்கத்துக்கே அனுப்பிவிடுங்கள். கார்டு விவரம் உங்கள் சர்வரைத் தொடவே கூடாது. மதிப்பீட்டுக்கு அவர்களின் டெஸ்ட் மோடு (நிஜப் பணம் நகராத சோதனை முறை) போதும். உண்மையில் விற்கத் தொடங்கும்போது கேட்வே கணக்கு அத்தையின் பான், அத்தையின் வங்கிக் கணக்கில் இருக்கட்டும், விற்பவர் அவர்தான். தளத்தில் விற்பவர் பெயர், முகவரி, தொடர்பு எண், சேலையைத் திருப்பி வாங்கும் விதி நான்கும் தெரிய வேண்டும். 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகள் கேட்பவை இவை.

கடைசியாக ஒன்று. உங்கள் புராஜெக்ட் கைடு, "மல்டி வெண்டர் (பலர் விற்கும் தளம்) என்று செய்தால் மார்க் கூடும், தெருவில் உள்ள மற்றவர்களின் சேலையையும் சேர்" என்று சொல்லக்கூடும். மற்றவர்கள் தங்கள் சேலையை உங்கள் தளத்தில் விற்று, பணம் உங்கள் கணக்குக்கு வந்து நீங்கள் பிரித்துக் கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் நீங்களே மின்வணிகத் தளம் நடத்துபவர். அங்கே 40 லட்சம் வரம்பு கிடையாது, முதல் நாளிலிருந்து பதிவு கட்டாயம். அவர்களிடமிருந்து சேலையை அத்தை விலைக்கு வாங்கி, தன் சரக்காக விற்றால் அந்தச் சிக்கல் இல்லை. மல்டி வெண்டர்தான் வேண்டும் என்று கைடு பிடிவாதமாக இருந்தால், டெஸ்ட் மோடில் செய்து காட்டிவிட்டு, வெளியே திறக்கும் தளத்தில் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.