முதலில் கார் சாவி

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவருக்குப் பலத்த குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. நுரையீரல், தூக்க நிபுணரைப் பார்க்கச் சொல்லி மூன்று மாதமாகிறது. ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் மருந்து, மருத்துவக் கருவிக் கம்பெனிகளிடம் பணம் வாங்கியதாக அமெரிக்க அரசின் ‘ஓபன் பேமென்ட்ஸ்’ தளத்தில் இருக்கிறது. நம்பலாமா? போன வாரம் நீச்சல் வகுப்புக்குப் போகும்போது அப்பா சிக்னலில் தூங்கிவிட்டார் என்று மகள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்.

பதில்: டாக்டர் விஷயம் அப்புறம். சிக்னலில் தூங்கியவரிடம் இன்னும் கார் சாவி இருக்கிறதா? அதையும் உங்களிடம் சொன்னது குழந்தைதான், அவர் இல்லை. அவர் மறைக்கிறார், நீங்கள் போகிற போக்கில் எழுதுகிறீர்கள். இன்றே சாவியை வாங்கி வையுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். கணவர் மனம் நோகுமே என்று பிள்ளையை அந்த வண்டியில் ஏற்றி அனுப்புவதைப் பாசம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தத் தளத்தைப் பார்த்தது சரிதான். 2010 சட்டத்தின்படி 2014 முதல் இந்தக் கணக்கு வெளியாகிறது. ஆனால் மொத்தத் தொகையைக் கண்டு மிரளாமல் வரி வரியாகப் படியுங்கள். கம்பெனி ஆள் கிளினிக்குக்கு வாங்கி வந்த மதியச் சாப்பாடுகூட அதில் ஏறும். ஆராய்ச்சிப் பணம் தனியாக இருக்கும். கூட்டங்களில் பேசவும் ஆலோசனைக்கும் ஒரே கம்பெனி வருடா வருடம் ஆயிரக்கணக்கில் கொடுத்திருந்தால், அது என்ன விற்கிறது என்று பாருங்கள். ஆஸ்துமா மருந்து என்றால் உங்களுக்கு அவ்வளவாகச் சம்பந்தமில்லை. தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியோ, நாக்கு நரம்பைத் தூண்ட உடலுக்குள் வைக்கும் கருவியோ என்றால், “இதை ஏன் எழுதுகிறீர்கள், வேறு வழி என்ன?” என்று நேராகக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பணமே வாங்காதவர் என்பதற்காகக் கெட்டிக்காரர் ஆகிவிட மாட்டார். தூக்க மருத்துவத்தில் தனித் தேர்வு எழுதி வாங்கும் போர்டு சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். நுரையீரல் டாக்டர் எல்லோருக்கும் அது இருக்காது.

தேதி கிடைக்கத் தாமதமானால், வீட்டிலேயே ஓர் இரவு மாட்டிக்கொண்டு தூங்கும் பரிசோதனைக்கு உங்கள் குடும்ப டாக்டரையே எழுதித் தரச் சொல்லுங்கள். நிபுணரிடம் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மூச்சு நிற்பது தூங்குகிறவருக்குத் தெரியாது. ஃபோனில் வீடியோ எடுத்துப் போய்க் காட்டுங்கள். சிக்னலில் நடந்ததை அவர் சொல்ல மாட்டார். அவரை வைத்துக்கொண்டே நீங்கள் சொல்லுங்கள்.