சார்ஜர் துளையில் அரசுக்கு என்ன வேலை?

கைபேசிக்கு எந்தச் சார்ஜர் என்று அரசு தீர்மானிப்பது அத்துமீறல் அல்லவா என்று கேட்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த எடுப்பில் சட்டத்தைத் தூக்கவில்லை. எல்லாக் கைபேசிக்கும் பொதுவான சார்ஜர் என்று 2009-இல் நிறுவனங்களே முன்வந்து ஒத்துக்கொண்ட உடன்பாடு ஒன்று இருந்தது. பலரும் மைக்ரோ யுஎஸ்பி என்ற துளை வகைக்கு மாறினார்கள். ஆப்பிளோ 2012-இல் லைட்னிங் என்ற தன் சொந்தத் துளையோடு தனி வழி போனது. கைபேசிகளுக்கு யுஎஸ்பி-சி என்ற ஒரே வகைத் துளைதான் என்ற சட்டம் 2022-இல் நிறைவேறியது. மறு ஆண்டே ஐபோன் 15-இல் யுஎஸ்பி-சி!

புதுமை முடங்கும் என்ற அச்சத்தை முழுதாகத் தள்ளவும் மாட்டேன். அன்றைக்கே மைக்ரோ யுஎஸ்பியைச் சட்டமாக்கியிருந்தால், எந்தப் பக்கம் செருகுவது என்று இன்றும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்போம். நல்லவேளை, தரத்தைப் பின்னர் மாற்றிக்கொள்ள இந்தச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஆனால் துளை ஒன்றானாலும் கேபிள்கள் ஒன்றல்ல; தாங்கும் மின்திறன் வேறுபடும். வாங்கும்போது வாட் அளவைப் பாருங்கள்.