முள் சீத்தா கன்று வாங்கலாம், இலைப்பொடி?

கேள்வி: கொல்லையில் நட முள் சீத்தா ஒட்டுக்கன்று வாங்கப் போனேன். நர்சரிக்காரர், "புற்றுநோய்க்கு இதைவிட மருந்து கிடையாது" என்று சொல்லி, காய்ந்த இலைப்பொடியையும் வாங்கச் சொல்கிறார். அம்மாவுக்கு கீமோ நடக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார். கொடுக்கலாமா?
- வாசகி, தென்காசி

பதில்: கன்றைத் தாராளமாக வாங்குங்கள். பொடி வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றுச் செல்களை இந்த இலைச்சாறு அழித்தது உண்மைதான். ஆனால் நோயாளிகளைக் குணப்படுத்தும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. நம்பிக்கை தேடும் குடும்பத்திடம் இந்த வித்தியாசத்தை மறைத்து விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. கரீபியன் தீவான குவாதலூப்பில், வழக்கமான மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத ஒருவகை பார்க்கின்சன் (நடுக்குவாதம்) பாதிப்பு அதிகமாகத் தெரிந்தது. அந்த நோயாளிகளில் பலர் முள் சீத்தாப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்கள் என்று 1999இல் வந்த ஆய்வு சொன்னது. இந்த மரத்தில் இருக்கும் அனோனாசின் என்ற வேதிப்பொருள் நரம்புச் செல்களின் ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. நோய்க்கு இதுதான் காரணம் என்று முடிவாகிவிடவில்லை. ஆனாலும் தினமும் கஷாயம் குடிப்பதைத் தவிர்க்க இவ்வளவு போதும். இலை ரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடும் என்பதால், மாத்திரையோடு சேர்ந்தால் அம்மாவுக்குத் தலைசுற்றல் வரலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் எப்போதாவது பழம் சாப்பிடுவதில் பயமில்லை. விதையை மட்டும் கவனமாக எடுத்துவிடுங்கள், அது நஞ்சு. மிக்ஸியில் அடிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். அம்மாவுக்குப் பழம் கொடுப்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்று வாங்கும்போது ஒட்டுப் பகுதி நன்றாகக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தேங்காத இடத்தில் நடுங்கள். பூ நிறைய வந்தும் காய் பிடிக்காவிட்டால், மகரந்தம் உதிரும் பூவிலிருந்து பிரஷ்ஷால் எடுத்து, புதிதாக மலரும் இன்னொரு பூவின் பெண் பகுதியில் தொட்டு வையுங்கள். ஏனென்றால் ஒரே பூவில் பெண் பகுதி முதலில் தயாராகிவிடும், மகரந்தம் பிறகுதான் உதிரும். அப்புறம், மாவுப்பூச்சி வரும், கண் வைத்திருங்கள்.

புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருந்தாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பொட்டலத்தில் அப்படி அச்சிட்டிருந்தால் படம் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லுங்கள். கன்றுக்கும் பில் வாங்குங்கள், அதில் 'ஒட்டுக்கன்று' என்று எழுதச் சொல்லுங்கள்.