சின்ன பிஸ்டலை நம்பலாமா? – கேள்வி பதில்

துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலையில் முப்பது வருஷம் ஓட்டிவிட்டு இப்போது ராயபுரத்தில் சும்மா இருக்கிறேன். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்த வரை பதில். (.22, .25, .32 என்பவை தோட்டாவின் குறுக்களவு, ஏறக்குறைய அங்குலக் கணக்கில்.)

பெரம்பூர்: சார், .22 பிஸ்டலில் பத்துக்கு இரண்டு தோட்டா ‘டிக்’ என்று நின்றுவிடுகிறது. பிஸ்டல் கோளாறா?

பெரும்பாலும் தோட்டா. .22-இல் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை நடுவில் இருக்காது, அடிவிளிம்புக்குள் இருக்கும். விசையை இழுத்ததும் பிஸ்டலின் ஊசி குத்தும் இடத்தில் கலவை பரவாமல் விட்டுப்போயிருந்தால் பற்றாது. அதே தோட்டாவைச் சற்றுத் திருப்பிப் போட்டால் சில சமயம் வெடிக்கும், அதுவே சாட்சி. ஆனால் ‘டிக்’ கேட்டதும் திறக்காதீர்கள். ஆளில்லாத பக்கம் நீட்டியபடி முப்பது விநாடி பொறுங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

சௌகார்பேட்டை: தாத்தா வைத்திருந்த .25 இருக்கிறது. பையில் வைத்துக்கொள்ளலாமா?

.25 தோட்டா அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரௌனிங் 1905 வாக்கில் சட்டைப்பை பிஸ்டலுக்கென்றே செய்தது. பற்றவைக்கும் கலவை நடுவில் இருப்பதால் .22-இன் தொல்லை இல்லை. பயம் தோட்டாவில் இல்லை சேட், வயதில்தான். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், தோட்டா அடுக்கும் மேகசினின் வாய் விரிந்திருக்கும். முதலில் அவற்றை மாற்றுங்கள். அந்தக் காலத்துப் பிஸ்டல் பலவற்றில் கீழே விழுந்தால் ஊசியைத் தடுக்க எதுவும் கிடையாது. சேம்பரில், அதாவது சுடும் குழாயின் பின்முனையில், தோட்டாவோடு பையில் போடவே கூடாது.

திருவொற்றியூர்: அண்ணா, என் வீட்டுக்காரர் சுட்டால் ஓடுகிறது, நான் சுட்டால் சுட்ட தோட்டாவின் காலிக் குப்பி மாட்டிக்கொள்கிறது. பின்னால் இழுப்பதே கஷ்டம்.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. சின்ன பிஸ்டலில் நீங்கள் பின்னால் இழுக்கும் மேல்பாகமான ஸ்லைடு எடை குறைவு, அதை ஈடுகட்ட ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்கிறார்கள். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாது, குப்பி பாதியில் நிற்கும். பெரெட்டா 21ஏ மாதிரி பேரலை (சுடும் குழாயை) மேலே தூக்கித் தோட்டா போடும் வகை உண்டு, இழுக்க வேண்டாம். ஆனால் அதில் குப்பியைக் கவ்வி இழுக்கும் கொக்கி இல்லை. வெடிக்காத தோட்டாவைப் பேரலைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை: .32-இல் குழித்தலைத் தோட்டா போட்டதிலிருந்து மேகசின் சிக்குகிறது.

.32 தோட்டாவின் அடியில் லேசான விளிம்பு இருக்கிறது. முனையில் குழி உள்ள குழித்தலை நீளம் குறைவு என்பதால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகரும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் கதை முடிந்தது, ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் வராது. உருண்டைத்தலையே போடுங்கள்.

காசிமேடு: துரு.

ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டீர்கள்! கடல்காற்று ஒரு பக்கம், தோல் உறை ஒரு பக்கம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறையிலேயே பூட்டி வைக்காதீர்கள். தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது எண்ணெய் பூசிக் கொடுங்கள். என்னுடையது ஒருமுறை செம்பருத்தி நிறத்தில் திரும்பி வந்தது.

மிண்ட் தெரு: .32 பிஸ்டலா, ரிவால்வரா?

ரிவால்வர். அவசரத்தில் ‘டிக்’ என்றால் மறுபடி விசையை இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வரும். 2014-இல் வந்த கான்பூர் நிர்பீக் ரிவால்வர் அரைக்கிலோதான்.

வண்ணாரப்பேட்டை: ஐயா, வாங்கிப் பன்னிரண்டு வருஷம், ஒரு தடவைகூட சுட்டதில்லை. நம்பகமானதா?

எனக்கு எப்படித் தெரியும், உங்களுக்கே தெரியாதே! அதே பத்துத் தோட்டாவைத்தானே இன்னும் வைத்திருக்கிறீர்கள்? ரேஞ்சுக்குக் கொண்டுபோய் முதலில் அந்தப் பத்தையும் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். அப்புறம் லைசென்ஸ் அளவுக்குள் புதியதை வாங்கிச் சுட்டு, எத்தனை இடத்தில் நின்றது என்று எழுதி அனுப்புங்கள்.