கொம்பு முன்னால், ஒலி பின்னால் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகன் பாலர் பள்ளியின் கடைசி ஆண்டான கே2வில் படிக்கிறான். ஆங்கிலத்தில் சின்ன பியையும் (b) டியையும் (d) திருப்பிப் போடுகிறான். தமிழில் 'கே' என்று இருந்தால் "ஏ… க" என்கிறான். எழுத்துப் பழக டேப்லெட்டில் ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இரண்டு மொழியும் மூளையைக் குழப்புகின்றன, ஆங்கிலம் கைவந்த பிறகு தமிழைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அது சரிதானா?

– ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பி, டிக்குப் பயப்படாதீர்கள். எழுத்து வந்து ஐயாயிரம் வருஷம்தான் ஆகிறது. அதற்கென்று மூளையில் பிறவியிலேயே இடம் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில், இடப்பக்கம் ஒரு மூலையை எழுத்து பிடித்துக்கொள்கிறது. பிரான்ஸின் மூளை ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பழைய குடித்தனக்காரரின் பழக்கம் லேசில் போகுமா? குவளையின் பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் குவளை குவளைதான். அந்தக் கண்ணுக்கு பியும் டியும் ஒன்றுதான். படிக்கப் படிக்கச் சரியாகிவிடும். தொடக்கநிலை ஒன்றிலும் வாசிக்கவே திணறினால் நிபுணரிடம் காட்டுங்கள்.

'கே' கதை வேறு. பையன் ஆங்கிலத்தில் பழகிய ஒழுங்கில், இடமிருந்து வலமாகத்தான் படிக்கிறான். நம் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. என் பேத்தி 'கோழி'யை "ஏ, க, ஆ, ழி" என்று படித்தாள். கோழிக்கே அடையாளம் தெரிந்திருக்காது! கொம்பைத் தனியே பிரிக்காமல் 'கே'யை முழு எழுத்தாகவே காட்டுங்கள்.

இரண்டு மொழியால் மூளை குழம்பாது. என் கவலை வேறு. எழுத்துக்கூட்டி முடித்ததும் "அட, இதுதானா!" என்று காது சொல்ல வேண்டும். வீட்டில் அவன் கேட்பது "அம்மா வர்றாங்க". புத்தகத்தில் இருப்பது "அம்மா வருகிறார்". கேட்டே இராத சொல்லுக்குக் காது என்ன பதில் சொல்லும்? தமிழைத் தள்ளிப்போட்டால் இந்தப் பள்ளம்தான் ஆழமாகும். தினமும் ராத்திரி ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் அதையே வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். கணவரும் ஒருநாள் வாசிக்கட்டும்.

அந்த ஆப்பில் புள்ளிக்கோட்டின் மேல் விரலை இழுப்பதுதானே வேலை? இண்டியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸ், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைத் தட்டச்சு செய்யவும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரையவும், சிலவற்றைத் தாங்களாகவே எழுதவும் வைத்தார். பிறகு அவர்கள் மூளையை ஸ்கேன் எடுத்தபோது, தாங்களாக எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் வாசிப்புக்கான பகுதிகள் நன்றாக வேலை செய்தன. 2012இல் வெளியான ஆய்வு அது. கோணல்மாணலாக எழுதினால்தான் என்ன?

விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பி எழுத வைப்போமே, அதை மற்ற நாளிலும் செய்யலாம். எங்கள் வீட்டில் செய்கிறோம். சிந்துகிற அரிசியைப் பெருக்குவது மட்டும் என் பொறுப்பு.

அன்புடன்